பத்தரை மணி பஸ்

என் மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு கிடைத்தது வேலையிலிருந்துதான், சந்தேகத்திலிருந்து அல்ல. கல்யாணப் பேச்சு எடுத்த மறுநாளே என் அலுவலகத்துக்கு வந்து, இப்படி ஒருத்தன் நிஜமாகவே இங்கே வேலை செய்கிறானா என்று வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுப் போனார். நான் என்றைக்காவது தாமதமாகப் போய் "பஸ் லேட்டு மாமா" என்றால் போதும். "எந்த ரூட்டு? வண்டி நம்பர் என்ன?" என்று பிடித்துக்கொள்வார். அந்தச் சாக்கை அவர் யாரிடமும் ஏற்றுக்கொண்டதே இல்லை.

அத்தை வாசலைத் தாண்டினால் மூன்று கேள்வி: எங்கே, எவ்வளவு நேரம், கூட யார்? முப்பத்தாறு வருடமாக முகம் சுளிக்காமல் பதில் சொல்லி வந்தார் அந்த மனுஷி. நானாக இருந்தால் இரண்டாம் வாரமே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

போன வருடம் இருவரையும் எங்காவது சுற்றுலா அனுப்ப நினைத்து, எங்கே போகலாம் என்று என் மனைவி கேட்டாள். மாமா கடற்கரை என்றார். எதற்குமே வாய் திறக்காத அத்தை, ஒரு மலை ஊரின் பெயரைச் சொன்னார்.

"ஏன் அந்த ஊரு?" என்றார் மாமா.

"குளிரா இருக்கும்."

"குளிருக்கு நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் போதாதா?"

அப்போதே மாமாவுக்குப் பொறி தட்டிவிட்டது.

பஸ் மலை ஏறும்போது அது உறுதியானது. புதிதாக வருகிறவர்கள் வண்டி திரும்பிய பிறகுதான் கம்பியைப் பிடிப்பார்கள், பாதை தெரிந்தவர்கள் அதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள் என்பது அவர் தொழிலில் கற்றது. மலைப் பக்கமே போனதில்லை என்று சொல்லியிருந்த அத்தை, கடைசி ஏழு வளைவுகளிலும் முன்கூட்டியே கம்பியைப் பிடித்தார். ஊர் கண்ணுக்குத் தெரிவதற்குள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஏரியில் படகு. படகுக்காரர் தண்ணீரைக் காட்டினார், மாமா அத்தையைப் பார்த்தார், அத்தை எதிர்ச் சரிவில் இருந்த சிவப்புக் கூரைக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையேறியதும் மாமா எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, உங்க அத்தைக்கு இந்த ஊர்ல யாரோ இருக்காங்க."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. நான் இத்தனை வருஷம் யாரு கூட வாழ்ந்தேன்னே தெரியல."

உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதர், அத்தையை மட்டும் பழக்க தோஷத்தில்தான் கேள்வி கேட்டு வந்தார் போலும். இப்போது நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

மூன்றாம் நாள் காலை. "உங்க ஸ்வெட்டருக்குப் பட்டன் வாங்கிட்டு வரேன்" என்று அத்தை கிளம்பினார். மாமா பத்து எண்ணினார், மப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு பின்தொடர்ந்தார். பட்டன் கடையை அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தபாலாபீஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றையடிப் பாதையில், யாரிடமும் வழி கேட்காமல் ஏறினார். மாமா மரத்துக்கு மரம் ஒளிந்து, மூச்சு வாங்க ஏறினார். பாதை அந்தச் சிவப்புக் கூரைக் கட்டிடத்தில் முடிந்தது. இப்போது அது ஓட்டல். வெளியாட்கள் டிக்கெட் எடுத்தால் வராந்தாவில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அத்தை உள்ளே போனார்.

பஸ் ரோட்டை ஒட்டிய கேட் அருகே மாமா தயங்கினார். காவலாளி ஒரு சீட்டை நீட்டினார். "மப்ளர் கட்டின ஐயா நீங்கதானே? அம்மா உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டாங்க."

நீண்ட வராந்தா. புதுமணத் தம்பதிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிக் கம்பி ஓரமாக அத்தை நின்றார், தனியாக. மாமா சுற்றும்முற்றும் ஆளைத் தேடினார்.

"யாரு அவன்?"

"இங்கதான் என் கட்டில் இருந்துச்சு," என்றார் அத்தை. "அப்போ இது காசநோய் ஆஸ்பத்திரி. எனக்குப் பதினேழு வயசு. பெரியம்மா வீட்டுல தையல் படிக்கிறேன்னு எங்க தெருவுல சொல்லி வச்சிருந்தாங்க. உங்க வீட்டுலயும் அதையேதான் சொன்னாங்க."

மாமாவின் வாயில் பழக்கம்தான் வந்தது. "எத்தனை நாளு?"

"பதினாலு மாசம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ல விடல. அப்புறம் சொல்லியிருந்தா, இன்னும் என்னத்தையெல்லாம் மறைச்சேன்னு தினம் ஒரு கேள்வி கேட்டிருப்பீங்க. மாட்டீங்களா?"

மாமா அடுத்த கேள்வியைக் கேட்டார். "கூட யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமை பத்தரை மணி பஸ்லதான் பார்க்க வர்றவங்க வருவாங்க. இங்க நின்னா ஏழு வளைவும் தெரியும். ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு நிப்பேன். இந்த ஸ்டாப்புல இறங்குறதை யாராவது பார்த்துட்டா என் கல்யாணம் நின்னுடும்னு அப்பா பயந்தாரு. ஒரு தடவைகூட வரல."

அதற்கு மேல் கேட்கத் தன்னிடம் கேள்வி இல்லை என்று மாமாவே பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டார். "பட்டன் வாங்கிட்டு வரேன். பத்தரைக்கு நீ அந்த வராந்தாவுல இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கே, எவ்வளவு நேரம் என்று கேட்கிற பழக்கம் அத்தைக்கு இல்லை.

முதல் பஸ்ஸில் அடிவாரம் வரை இறங்கினார். மேலே வரும் வண்டியில் ஏறிக்கொண்டார். அவரிடம் ஆயுளுக்கும் இலவச பாஸ் இருக்கிறது. அதை வெளியே எடுக்கவே இல்லை, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டு வாங்கினார். மேலே அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஐந்து, ஆறு. ஆறாவதில் வண்டி மரங்களுக்குப் பின்னால் மறைந்து, ஏழாவதில் வெளியே வந்தது.

பஸ் கேட்டுக்கு எதிரே நின்றது. நோயாளியைப் பார்க்க வருகிறவர் போலக் கையில் ஆரஞ்சுப் பழப் பையுடன் மாமா இறங்கினார்.

அத்தை கேட் வரைக்கும் வந்துவிட்டார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

"பஸ் லேட்டு," என்றார் மாமா.