நான் ஜெயித்த விவாதம்

வண்டன்மேட்டில் பட்டதாரிகளுக்கென்று ஒரு விவாத மன்றம் தொடங்க வேண்டும் என்ற கிறுக்கு எனக்குத்தான் முதலில் பிடித்தது. எழுபதுகளின் கடைசி. மலைக்குக் கீழே இருக்கும் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் பக்கம் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏலக்காய்த் தோட்டக்காரர்களின் பிள்ளைகள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் நான். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து, வாசலில் நின்று, கெஞ்சிச் சேர்த்தேன்.

ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. வியாபாரிகள் உட்கார்ந்திருக்க, மாதிரிக்காகக் காய் வைத்த தட்டை ஒவ்வொருவரிடமும் நின்றபடி நீட்ட வேண்டும். அதே கூடத்தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன். அன்று மட்டும் நானும் நாற்காலியில் உட்கார்வேன். உண்மையைச் சொன்னால், மன்றம் தொடங்கியதே அதற்காகத்தான். என் அம்மா காய் எடுக்கப் போகும் தோட்டத்து முதலாளியின் மகன்தான் மன்றச் செயலாளர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று சொன்னதும் அம்மாவுக்குப் பயம், பிறகு தாங்க முடியாத பெருமை.

விதியும் நான் போட்டதுதான். தலைப்பின் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். வந்த பக்கத்தை மனசார நினைப்பதுபோல் பேச வேண்டும். கடைசியில் கை தூக்கிச் செய்யும் முடிவுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும்.

மூன்றாவது கூட்டத்துக்குச் செயலாளர் ஒரு தலைப்புக் கொண்டுவந்தார். தபாலில் படித்துப் பட்டம் வாங்கியவரை மன்றத்தில் வைத்துக்கொள்ளலாமா? தபாலில் படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மைக்காரனாகச் சிரித்துத் தொலைத்தேன்.

சீட்டில் எனக்குக் கூடாது என்ற பக்கம் வந்தது. எனக்காகப் பேசும் பக்கம் வாத்தியாருக்கு.

என்ன பேய் பிடித்ததோ, வெளுத்து வாங்கினேன். வகுப்பறையின் வாசலைக்கூட மிதிக்காதவன் பழைய மாணவன் என்று சொல்லிக்கொள்வது, கல்யாணத்துக்கு வராதவன் மொய்க்கவரை அனுப்பிவிட்டுப் பந்தியில் இடம் கேட்பது போல என்றேன். மேஜையைத் தட்டினார்கள். அந்தத் தட்டல் காதில் விழ விழ என்னை நானே இன்னும் ஆழமாகக் குத்தினேன். தபால்காரர் கொண்டுவரும் படிப்பு தபால்காரருக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அவரையும் சேர்த்துக்கொள்வோமா என்று கேட்டேன். செயலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வாத்தியார் எழுந்தார். என் வீட்டில் எத்தனையோ வேளை சாப்பிட்ட மனிதர். "இவரே இவ்வளவு சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்ல" என்றுவிட்டு உட்கார்ந்துகொண்டார். இன்று நினைத்தாலும் அவர் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கைகள் உயர்ந்தன. என் கை மட்டும் மடியில் கிடந்தது.

"நீங்க பேசுனதுக்கு நீங்களே கை தூக்கலைன்னா எப்படி?" என்றார் செயலாளர்.

தூக்கினேன். ஒருமனதாக நிறைவேறியது.

கலைந்து போகும்போது அவர் என் தோளைத் தட்டினார். "அடுத்த மாசத்துல இருந்து ஒரு நாற்காலி கொறச்சுப் போடுப்பா" என்றார். கிண்டல்கூட இல்லை. வேலை சொல்லும் குரல்தான். எல்லாரும் போனபின் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கூடத்தைப் பூட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா தோட்டத்திலிருந்து மூச்சு வாங்க வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"நேத்து ரொம்ப நல்லாப் பேசுனியாம்ல. மொதலாளி மகனே காட்டுக்குள்ள வந்து எல்லாரு முன்னாடியும் சொன்னாருப்பா. கூட இருந்தவளுக வாயடைச்சுப் போய்ட்டாளுக" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "எதப் பத்திப்பா பேசுன?"

படிப்பைப் பற்றி என்றேன்.