கிளச்சில் கட்டிய வாழைநார்

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில் என் வீட்டுக்காரர் தன் பழைய பைக்கின் கிளச் லீவரை ஹேண்டில் பிடியோடு சேர்த்து அமுக்கி, வாழைநாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வண்டி ரொம்ப நாள் நிற்பதாக இருந்தால் அப்படிக் கட்டிவைப்பது அவர் வழக்கம். கட்டாமல் விட்டால் உள்ளே பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு லீவரை எவ்வளவு அமுக்கினாலும் பிரியாது என்பார். "ரெண்டு நாளுன்னுதானே டாக்டரு சொன்னாக?" என்று கேட்டேன். "மழைக்காலம்ல, கெடக்கட்டும்" என்றார். அந்த மனுஷனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என் புத்திதான் பஸ்ஸைப் பிடிப்பதிலேயே இருந்தது.

இரண்டு நாள் நாற்பது நாளானது. நடுவில் ஒருநாள் மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் பெரியகுளம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற வண்டியில் அந்த நார்க்கட்டு கண்ணில் பட்டது. செத்தவர்களின் கால் பெருவிரல்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சேர்த்துக் கட்டுவார்கள். உயிரோடு இருக்கிறவர் வண்டியில் இது என்ன கட்டு என்று ஆத்திரம் வந்தது. அரிவாளை எடுத்து வந்து நாரை அறுத்துச் சாக்கடையில் எறிந்தேன். அவரையே காப்பாற்றிவிட்ட மாதிரி மதுரை போகும்வரை பஸ்ஸில் தூங்கினேன். அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவள்தான் நான். பயம் வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்கே போய் ஒளியுமோ தெரியவில்லை.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்த நாலாம் நாள், கெங்குவார்பட்டி ரோட்டில் மாந்தோப்பு வரைக்கும் ஒரு தடவை வண்டியில் போய் வர வேண்டும் என்றார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. எப்படியோ உதைத்து எஞ்சினைக் கிளப்பி, லீவரை அமுக்கி முதல் கியரைப் போட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. நான் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். மறுபடியும் அப்படியே. மூச்சு வாங்க ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நார அவுத்துட்டியா?" என்றார்.

"கால் வெரலக் கட்டுன மாதிரி இருந்துச்சுங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"கிறுக்குப் புள்ள. வண்டிக்கு ஏது காலு?" என்று சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

படியில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். எஞ்சினைக் கிளப்பாமல், நாலாவது கியரில் போட்டு, லீவரை அமுக்கிப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளி ஆட்ட வேண்டும். பின்சக்கரம் கொஞ்சம் அசைந்து அங்கேயே நின்றது. கை எரிந்தது. கேட்டது ஒரே ஒரு ஆசை, அதையும் என் மடத்தனத்தால் கெடுத்தேனே என்று திரும்பத் திரும்பத் தள்ளினேன். "விட்றாத, இன்னுங் கொஞ்சம்" என்றார். எத்தனையாவது தடவையோ, உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். சக்கரம் தன்போக்கில் உருண்டது. நான்தான் குப்புற விழப் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில் இந்த வண்டியில்தான் எனக்கு ஓட்டப் பழக்கினார். பழக்கினாரே தவிர, அப்புறம் ஒருநாளும் என்னை முன்னால் உட்கார விட்டதில்லை. அன்று அவரே சாவியை நீட்டி, "நீயே ஓட்டு" என்றார்.

மெதுவாகத்தான் போனேன். மாமரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன. பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற கனமே வண்டியில் இல்லை. பாதி வழியில் பயந்துபோய், "ஏங்க, இருக்கீகளா?" என்று கூப்பிட்டேன்.

"இங்கனதான் இருக்கேன். ரோட்டப் பாரு."

அதற்குப் பின் பத்தொன்பது நாள் இருந்தார்.

இப்போது அலுவலகத்துக்கு அந்த வண்டியில்தான் போகிறேன். பின்பாரம் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறது. கூப்பிட்டுப் பார்க்கத்தான் வாய் வரவில்லை.