எங்கள் வீட்டில் பெயர் சொல்லக் கூடாத மருந்து

அண்ணனை நினைத்தால் முதலில் அவருடைய புஜம்தான் ஞாபகத்துக்கு வரும். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டியவர். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் தன் கையைப் பார்க்கிறாரா என்று கவனிப்பார். முட்டையும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்த்த உடம்பு. ஜிம்மில் சிலர் ஊசி போட்டு உடம்பேற்றுவதைப் பார்த்து வெறுத்துப்போய், ஸ்டீராய்டு என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்க விடமாட்டார். கெட்ட வார்த்தைக்குக்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை எழுந்து இருமினான். பிள்ளை இருமலா அது, அசல் நாய்க் குரைப்பு. மூச்சை இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று சத்தம் வந்தது. நெஞ்சுக்குழி உள்ளே ஒடுங்கியது. அவனைச் சால்வையில் சுருட்டிக்கொண்டு அண்ணன் ஜீப்பில் ஏறினேன். அந்தப் பதற்றத்திலும் பழக்க தோஷம், வழியில் கைகாட்டிய காய்கறிக்கார அம்மாவையும் ஏற்றிக்கொண்டார். மகன் இரண்டு முறை இருமியதும் அந்த அம்மா கால்களைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க டிரைவரு, நாய எங்க கட்டி வெச்சிருக்கறீங்க? கடிக்குங்களா?"

"அது என்ற மருமவனுங்க" என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.

ஏற்காட்டில் டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார். குரல்வளையும் மூச்சுக்குழாயும் வீங்கியிருக்கின்றன, க்ரூப் என்று பெயர், ஒரு வேளை ஸ்டீராய்டு வாயில் கொடுத்தால் வீக்கம் வடியும் என்றார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "வேண்டாமுங்க. பச்சப்புள்ளைங்க. வேற ஏதாச்சும் குடுங்க."

"நீங்க பயப்படறது ஜிம்முல உடம்ப ஏத்தறதுங்க. இது வீக்கத்த இறக்கறது. பேருதான் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அண்ணன் பேச்சை நான் அதுவரை தட்டியதில்லை. மடியில் பிள்ளை மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தான். குடுங்க டாக்டர் என்றேன். அண்ணன் தேம்ப ஆரம்பித்தார். பிள்ளை அழுதால் மூச்சு இன்னும் முட்டும், மாமன் அழுவதைப் பார்த்தால் அவனும் அழுவான் என்று அவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மதியத்துக்குள் கீச்சுச் சத்தம் அடங்கியது. மகன் பன் வேண்டும் என்றான். எனக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. கிளம்பும்போது அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டரம்மா, இவன் போட்டியில கலந்துக்கலாமுங்களா? அப்பறம் ஊக்கமருந்து டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு..."

"என்ன போட்டிங்க?"

"அங்கன்வாடியில தவளை ஓட்டமுங்க."

இன்று மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. அண்ணனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. ஆனாலும் அந்தப் போட்டி என் கண்ணிலேயே நிற்கிறது. மகன் கடைசியாக வந்தான். வேறு மாமனாக இருந்தால் தலையைத் தொங்கப்போட்டிருப்பார். அண்ணன் விசிலடித்து, அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "பாத்துக்குங்க, என்ற மருமவன் நொம்ப சுத்தமுங்க" என்று மைதானத்தையே சுற்றி வந்தார். தோற்ற ஆத்திரத்தில் மகன் அவர் தோளில் உட்கார்ந்து, மூச்சு முட்டாமல், ஊருக்கே கேட்கும்படி கத்தி அழுதான். நான் சமாதானம் செய்யப் போகவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.