எட்டு விரல்களும் முந்நூறு இழைப் பூவும்

எங்கள் மருதமுனை விசைத்தறிக்கு நான் வரைந்த கரைப்பூ முந்நூறு இழை நீளமானது. தறியின் எண்ணும் பெட்டியோ இருநூற்றைம்பத்தைந்தைத் தாண்டியதும் பூச்சியத்துக்குத் திரும்பி, பூவை முடியுமுன்னே அறுத்தது. பெருநாள் சேலைகள் பாழாகின.

திருத்த வந்த பெண்மணி கைகளாலும் கதைப்பவர். கட்டைவிரல்களை ஒதுக்கி, மருதோண்டி சிவந்த எட்டு விரல்களை நீட்டினார். எங்கள் ஊரில் மூத்த ஆண்களைக் 'காக்கா' என்றுதான் அழைப்பார்கள்.

"காக்கா, பெட்டிக்கு விரல் எட்டுத்தான். மடக்கினா பூச்சியம், நிமித்தினா ஒண்டு. எட்டையும் மாத்தி மாத்தி மடக்கி நிமித்தினா இருநூத்தம்பத்தஞ்சு வரைக்கும் எண்ணலாம். எல்லாம் நிமிந்த பொறகு இன்னொண்டு வந்தா?"

"ஒம்பதாவது விரல் வேணுமே, தங்கச்சி!"

"ஓம், அது இல்ல. அதான் எல்லாம் மடங்கிப் பூச்சியமாகுது."

பெட்டியின் விரல்களை எட்டிலிருந்து பதினாறாக்கித் தறியை ஓட்டினார். பூ முழுதாய் மலர்ந்தது, நெசவாளர் ஆர்ப்பரித்தனர்.

"இந்தப் பதினாறும் நிரம்பினால்?" என்றேன்.

"அதுக்கு அறுபத்தையாயிரம் இழைக்கு மேல வேணும். அவ்வளவு பெரிய பூவைக் கீறுங்க காக்கா, நான் வாறன்."

அந்தப் பூவைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.