சோத்துக்கைப் பக்கம்

பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே மணிக்கூண்டு வைத்த ரயில்வே கட்டடம் ஒன்று உண்டு. அங்கே டிக்கெட் கிடைக்கும், ரயில் மட்டும் கிடைக்காது. டிக்கெட்டை மடியில் முடிந்துகொண்டு, ரயில்வேயின் ஃபெரிக் கப்பலில் கடலைத் தாண்டி, எதிர்க்கரையிலுள்ள பிறைக்குப் போனால்தான் வண்டி. அந்த ஃபெரியில் கலாசியாக இருந்தவர் முனுசாமி. கரை நெருங்கும்போது வடத்தை வீசிக் கட்டுவார், பயணிகளின் பெட்டி படுக்கைகளை ஏற்றி இறக்குவார், மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து விடுவார். இருபத்திரண்டு வருஷம் அதே கடல், அதே இரண்டு கரை.

இது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. யாரும் கேட்காமல் அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இன்னொன்று. கோலாலம்பூர்ப் பக்கம் போகிறவர் யாராவது புதுமுகமாகத் தெரிந்தால் போதும், பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

“முதல் தடவையா போறீங்களா? அப்ப சோத்துக்கைப் பக்கம் ஜன்னலா பார்த்துப் பிடிங்க லா. தைப்பிங் வந்ததும் பெரிய மலை, தலை தெரியாம மேகம் மூடிக் கிடக்கும். அப்புறம் மலையைக் குடைஞ்சு நாலு குகை. அதைத் தாண்டினா பேரா ஆத்துப் பாலம். ஈப்போகிட்ட வெள்ளை வெள்ளையா கல்லுமலை. எல்லாம் சோத்துக்கைப் பக்கம்தான். பீச்சாங்கைப் பக்கம் உட்கார்ந்தீங்க, வெறும் வயலும் வாய்க்காலும்தான்.”

தண்டவாளம் போட்டவரே அவர்தான் என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கடைக்காரர்கள், பள்ளி வாத்தியார்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று எத்தனையோ பேர் அவர் பேச்சை நம்பி வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். துறைமுகத்தில் அவருக்குச் ‘சோத்துக்கை முனுசாமி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதில் ஒரே ஒரு சங்கடம். முனுசாமி அந்த ரயிலில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

எல்லாம் கல்யாணத்தில் வந்த வினை. பெண் பார்க்கப் போனது சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு. கூடப் போன உறவுக்காரர், “மாப்பிள்ளைக்கு ரயில்ல வேலை” என்று அடித்துவிட்டார். பொய் என்று அதைச் சொல்ல முடியாது, ஃபெரியும் ரயில்வேயுடையதுதானே. ஆனால் பெண் நல்லம்மாள், பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும் நிரையில் நின்று தினமும் தூரத்து ரயில் புகையைப் பார்த்து வளர்ந்தவள். புருஷனோடு ஊர் ஊராகப் போகப் போகிறோம் என்று ஆசையை வளர்த்துக்கொண்டு பினாங்குக்கு வந்தாள். வந்து பார்த்தால் புருஷன் கப்பலில் கயிறு கட்டுகிறார். மூன்று நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் முனுசாமி வாய்க்கு வந்ததை எடுத்து விட்டார்.

“என்னைச் சாதாரணமா நினைச்சுப்புட்டே. ஃபெரிக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் எனக்கு ரயில்லயே வேலை. கோலாலம்பூருக்கும் பிறைக்கும் எத்தனை தடவை போய் வந்திருப்பேன்!”

நல்லம்மாளின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. “அப்படியா? அப்ப சொல்லுங்க, வழியில என்னென்ன இருக்கும்?”

வசமாக மாட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து பிறையில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டியைத் தூக்கும்போதே அவர்கள் வாயைக் கிளற ஆரம்பித்தார். என்ன பார்த்தீங்க, எங்கே பார்த்தீங்க, எந்தப் பக்கம் பார்த்தீங்க? நாள் முழுக்க வண்டியில் வந்த களைப்பிலும் ஜனங்கள் ஆசையாகச் சொன்னார்கள். சோத்துக்கைப் பக்கம் மலை, சோத்துக்கைப் பக்கம் கல்லுமலை. கேட்டதையெல்லாம் அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து, தான் பார்த்ததாக நல்லம்மாளிடம் சொல்வார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். மகள் சந்திரிகா பிறந்த பிறகு அவளுக்கும் அதே கதைதான் சோறு ஊட்ட.

ரயில்வே ஆட்களுக்கு எப்போதாவது கேட்டால் இலவச பாஸ் கிடைக்கும். வருஷா வருஷம் நல்லம்மாள் கேட்டாள். லீவு இல்லை, மழைக்காலம், பிள்ளைக்குச் சளி என்று முனுசாமியிடம் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சாக்கு இருந்தது. உள்ளதைச் சொன்னால், மனுஷனுக்குப் பயம். எப்படி ஏறுவது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் விழித்தால் குட்டு உடைந்துவிடுமே. அவள் இல்லாமல் தனியாகப் போகவும் மனம் வரவில்லை. அவர் சொன்ன பொய்யே அவரை அந்த வண்டியில் ஏறவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. பாவம்தான், ஆனால் யாரை நொந்துகொள்வது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் சாக்குகள் தீர்ந்தன. சந்திரிகாவைக் கோலாலம்பூர் செந்தூலில் ரயில் பட்டறை வேலைக்காரன் ராமதாஸுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான கையோடு ராத்திரி வண்டியில் போனவள், தூங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரலாமென்றால், இந்த உடம்போடு இவ்வளவு தூரம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க மழைக்காலம் என்று சொல்ல முடியுமா?

நல்லம்மாள் விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறித் தூக்குச்சட்டியில் அடைத்தாள். ஃபெரியில் கூட்டாளிகள் சும்மா விடவில்லை. “என்ன அண்ணே, இன்னைக்கு நீங்களே சோத்துக்கைப் பக்கமா?” என்றார்கள். முனுசாமி சிரித்தார். பாஸ் மடியில் இருக்கிறதா என்று மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறையில் மூன்றாம் வகுப்புப் பெட்டி முன்னால் போய் நின்று கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

“இழுக்கணும் போலிருக்கே,” என்றாள் நல்லம்மாள்.

“நான் இருந்தப்ப தள்ளுற கதவு. இப்ப மாத்திட்டாங்க.”

வலப்பக்கம் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். எதிர்வரிசையில், இடப்பக்க ஜன்னலில், துணி வியாபாரி ஹனீபா இருந்தான். மாதம் தவறாமல் ஈப்போவுக்குப் போகிறவன், ஃபெரியில் பழக்கம். “அட, நீங்களா அண்ணே!” என்று எழுந்து சலாம் வைத்தவன், அவர்கள் உட்கார்ந்த இடத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு பேசாமல் இருந்துவிட்டான்.

வண்டி நகர்ந்தது. புக்கிட் மெர்தாஜாமில் நல்லம்மாள் கழுத்தைத் திருப்பினாள்.

“மலை அந்தப் பக்கம் தெரியுதே?”

“அது குட்டி மலை. பெருசெல்லாம் நம்ம பக்கம்தான் வரும்.”

ரப்பர் நிரைகள் ஓடத் தொடங்கியதும் அவள் மலையை மறந்தாள். “இந்த மாதிரி நிரையில நின்னுதான் புகையைப் பார்ப்பேன்,” என்றாள். “இப்ப யாராவது அங்கே நின்னு நம்மளைப் பார்ப்பாங்க, இல்ல?” நிபோங் திபாலைத் தாண்டி, பாரிட் புந்தாரும் போய், பாகான் செராய் வரைக்கும் ஒரே நெல் வயல். தண்ணீரில் வானம் கிடந்தது. நல்லம்மாள் ஜன்னல் விளிம்பைப் பிடித்த பிடி விடவில்லை. முனுசாமியும் பார்த்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் தைப்பிங் நெருங்க நெருங்க அவர் கண் எதிர்ப்பக்க ஜன்னலுக்கே போய்ப் போய் வந்தது.

மலை வந்தது. அவர் சொன்னது போலவே தலை மறைய மேகத்தோடு, பெரிதாக வந்தது. இடப்பக்கம் வந்தது.

பெட்டியில் இருந்த பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். வலப்பக்க ஜன்னலில் தகரக் கூரைகளும் ஒரு எருமையும் தெரிந்தன.

“லைனை மாத்திப் போட்டுட்டாங்க போல,” என்றார் முனுசாமி. சொல்லும்போதே அவருக்கே வெட்கமாக இருந்தது.

நல்லம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஹனீபாவிடம் கேட்டாள். “தம்பி, மலை எப்பவுமே உங்க பக்கந்தானா?”

ஹனீபா முனுசாமியைப் பார்த்தான். பொய் சொல்லவும் மனமில்லை, அவரை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. “போறப்ப இந்தப் பக்கம் அக்கா,” என்றான் மெதுவாக. “வர்றப்பதான் சோத்துக்கைப் பக்கம்.”

முனுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்த இடத்திலேயே முதுகைத் திருப்பி, வண்டியின் வால் பக்கம் பார்த்து உட்கார்ந்து, சோறு தின்னும் கையைத் தூக்கிப் பார்த்தார். கை நேராக மலையைக் காட்டியது. இருபத்திரண்டு வருஷமாக அவர் கேட்டதெல்லாம் வந்தவர்களிடம், சொன்னதெல்லாம் போனவர்களுக்கு! ஊருக்கே வயலையும் வாய்க்காலையும் காட்டி அனுப்பியிருக்கிறார். ஒருவர்கூட வந்து சண்டை பிடிக்கவில்லையே என்று யோசித்தால், அதற்கும் காரணம் இருந்தது. திரும்பும்போதும் அவர் சொன்ன பக்கமே உட்கார்ந்தவர்கள் மலையைப் பார்த்துவிட்டு வந்து, நீ சொன்னது சரிதான் என்று முதுகைத் தட்டியிருக்கிறார்கள். பார்க்காதவர்கள், ஹனீபாவைப் போல, பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்கள்.

ஹனீபா எழுந்து தன் இடத்தை நல்லம்மாளுக்குக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தான். முனுசாமி மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வண்டி மலைக்குள் வளைந்து ஏறி, முதல் குகைக்குள் நுழைந்தது. கும்மிருட்டு.

“நல்லம்மா, நான் ரயில்ல வேலையே பார்த்ததில்ல,” என்றார்.

வெளிச்சம் வந்தது. வாயை மூடிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டாவது குகை வந்தது.

“இதுல நான் ஏறினதே இல்ல. இன்னைக்குத்தான்.”

மூன்றாவதில், “வந்தவங்க சொன்னதைக் கேட்டுத்தான் உங்கிட்டச் சொன்னேன்” என்றார். நான்காவது குகை வந்தபோது சொல்ல எதுவும் மிச்சமில்லை.

கோலாகங்சார் வரைக்கும் நல்லம்மாள் வாய் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில் அந்த மூன்று நாள் இருந்த அதே மௌனம். தூக்குச்சட்டி மூடியைத் திறந்து புளிச்சோற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். தின்றார்.

பிறகு பேரா ஆற்றுப் பாலம் வந்தது. இரும்புச் சட்டங்கள் தடதடவென்று ஓட, கீழே பழுப்பு ஆறு அகலமாக விரிந்து கிடந்தது. ஒரு சின்னப் படகு கூட. முனுசாமி எல்லாவற்றையும் மறந்துவிட்டார். மனைவியின் மடிமேல் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “அடேயப்பா! அடேயப்பா!” என்றார். வாய் திறந்தபடியே இருந்தது. பாலம் முடிந்து அவர் திரும்பியபோது நல்லம்மாள் ஆற்றைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெசமாவே பார்த்ததில்லதான்,” என்றாள். தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே, “அன்னைக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் எப்பவோ சேர்ந்து வந்து பார்த்திருக்கலாமே,” என்றாள்.

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஈப்போவின் வெள்ளைக் கல்மலைகள் கண்ணீரில்தான் அவருக்குத் தெரிந்தன.

பொழுது சாயும் நேரத்தில் கோலாலம்பூர். மாப்பிள்ளை ராமதாஸ் பெட்டியை வாங்கிக்கொண்டான். செந்தூல் வீட்டில், குழந்தையைப் பாட்டி கையில் கொடுத்த மறு நிமிஷமே சந்திரிகா கேட்டாள். “சொல்லும்மா. அப்பா சொன்னதெல்லாம் அப்படியே இருந்துச்சா?”

முனுசாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். மகள் முகத்தில் சோறு ஊட்டிய காலத்து ஆவல். மானம் முழுவதும் நல்லம்மாளின் நாக்கு நுனியில் இருந்தது.

நல்லம்மாள் பேத்தியின் விரல்களைப் பிரித்துப் பார்த்தபடி சொன்னாள். “உங்கப்பா சொன்னது ஒண்ணு விடாம எல்லாம் இருந்துச்சு. பக்கந்தான் மாறிப் போச்சு.”

பினாங்கு திரும்பிய பிறகு முனுசாமி தன் பேச்சைத் திருத்திக்கொண்டார். போகும்போது பீச்சாங்கைப் பக்கம், வரும்போது சோத்துக்கைப் பக்கம் என்று பிரித்துச் சொன்னார். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. நீ போயிருக்கிறாயா என்று யாராவது கேட்டால், “ஒரே தடவை, சம்சாரத்தோட” என்பார். எல்லாம் சொன்னவர், திரும்பும் வழியில் நடந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று நல்லம்மாள்தான் முதலில் ஏறினாள். கதவை இழுத்துத் திறந்து, யாரையும் கேட்காமல் வலப்பக்கம் போனாள். “இப்பத்தான் நீங்க சொன்ன பக்கம்,” என்று அவரை ஜன்னலோரம் தள்ளி உட்கார வைத்தாள். “போறப்ப நான் உட்கார்ந்தேன், இப்ப நீங்க பாருங்க.” பாடாங் ரெங்காஸ் தாண்டி முதல் குகை வந்தது. இருட்டில் அவள் குரல் காதருகே கேட்டது.

“இன்னும் ஏதாச்சும் மறைச்சு வச்சிருக்கீங்களா? இருட்டு இருக்கிறப்பவே சொல்லிடுங்க.”

முனுசாமி யோசித்தார். இரண்டு குகை தாண்டியது. மூன்றாவதில் சொன்னார்.

“நீ அந்த மூணு நாள் பேசாம இருந்தே பாரு. தோட்டத்துக்கே திரும்பிப் போயிடுவியோன்னு எனக்குப் பயம். அதான் சொன்னேன்.”

நாலாவது குகையும் வந்து போனது. வண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது அவள் கை அவருடைய சோத்துக்கையைப் பிடித்திருந்தது.

“மலையைப் பாருங்க, மேகம் மூடிடப் போவுது,” என்றாள்.