ஒண்ணும் வரல

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். நேராகப் பிடித்தால் லேப்டாப் திரையில் தன் முகம்தான் தெரியும். சாய்த்துப் பிடித்தால், உள்ளே படம் இருக்கும் பட்சத்தில், இருட்டில் நிற்கிற ஆள் மாதிரி மங்கலாகத் தெரியும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படம் இருக்கிறது, வெளிச்சம்தான் செத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வித்தையால்தான் கட்டடம் முழுக்க அவளுக்கு ‘டார்ச்’ என்று பெயர்.

இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

“என்ன டார்ச்சு, உன் மூஞ்சிதான் தெரியுதா?” என்றார் சாவிக்காரர்.

“அதுவாவது தெரிஞ்சா தலையை வாரிக்கலாம்ண்ணா.”

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த முக்கோண இடத்தில் இரண்டு தொழில். நிமிர்ந்து நிற்கக்கூடிய பக்கம் சாவிக்காரருக்கு. குனிந்து போக வேண்டிய பக்கத்தில் அவளுடைய லேப்டாப் பழுது பார்க்கும் மேசை. மேலே யாராவது வேகமாகப் படியேறினால் ஸ்க்ரூ எல்லாம் தட்டில் நடனமாடும். ஒன்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாக சர்க்யூட் போர்டின் ஈயப் பற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். தொழிற்சாலையை மூடிய மாதம், வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு மாற்றுச் சாவி செய்ய வந்தாள். சாவி தயாராகும் நேரத்தில் கதையைச் சொன்னாள். “சாவி சின்னச் சாமான். எனக்குப் பாதி இடம் போதும்” என்றார் அவர். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதில்லை. காலையில் கதவைத் தூக்குவது மட்டும் எப்போதும் அவள்தான். அவருக்கு முதுகு சரியில்லை.

இந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தது எதிர்ச்சாரி பேக்கரியில் வேலை செய்கிற பெண். பன்னிரண்டரை மணிக்கு, முந்தானையோடு சேர்த்துக் கட்டிய ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், கையில் மாவோடு வந்தாள்.

“ஆன் ஆகுதுக்கா. ஆனா ஒண்ணும் வரல. நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தான். என் தம்பியோடது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவனுக்கு ஆஸ்பத்திரில பரீட்சை. டாக்டருங்க பேசிப் பதிவு பண்ணி வெச்சதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. நாலு வருஷமா எழுதிப் போட்டு இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க. என் மிஷின்லதான் அடிப்பேன்னு கேட்டு, சரின்னு வேற சொல்லிட்டாங்க.”

டார்ச் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி ஓடியது. கம்பெனி முத்திரை வந்து ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கறுப்பு.

“ஆமா, ஒண்ணும் வரல” என்றாள்.

“அதேதான்.”

இரண்டு பேருக்கும் முழுச் சம்மதம். அடுப்பில் ரொட்டி இருக்கிறது, நாலு மணிக்கு வருகிறேன் என்று அந்தப் பெண் ஓடிப்போனாள்.

அதன் பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தாள். டார்ச் பொய்த்ததும் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்த்தாள். அதன் சின்ன விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்த அணைந்தது. உயிர் இருக்கிறது. வெளி மானிட்டரை மாட்டினாள். அதுவும் கறுப்பு. பேட்டரியைக் கழற்றி, பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து மிச்சமிருந்த மின்சாரத்தை வடியவிட்டாள். ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, இரண்டையும் மறுபடி பொருத்தினாள். முத்திரை வந்தது. கறுப்பு வந்தது.

ஒவ்வொரு முறை அது ஓடி முடிகிறவரை கை சும்மா இருக்காது. வந்த மிஷின் எதுவானாலும் விசைப்பலகையைச் சுத்தம் செய்துதான் கொடுப்பாள். யாரும் கேட்பதில்லை, இவளும் விடுவதில்லை. தூரிகையால் தட்டினாள். சில எழுத்துகள் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. டச்பேட் மட்டும் கடையிலிருந்து நேற்று வந்த மாதிரி புதுசாக இருந்தது. மேல்வரிசையில் நாலு விசைகள் மேல் கோந்து மாதிரி ஏதோ சொட்டிக் காய்ந்திருந்தது.

“சாப்பிட்டுக்கிட்டே வேலை செய்வான் போல” என்று நகத்தால் சுரண்டி எடுத்தாள். நாலும் சுத்தமாக வந்துவிட்டன. திருப்தியாக இருந்தது.

மூன்று மணிக்கு, முத்திரை வரும்போதே மிஷினை மூன்று முறை அணைத்து, குறைந்தபட்ச மென்பொருளோடு மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் திறந்தாள். திரை பளிச்சென்று வந்தது.

“அடடே, வந்துருச்சு!” என்றார் சாவிக்காரர்.

“வந்துருச்சு. ஆனா இது நல்லதில்லண்ணா. உடம்புல ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு. புத்தியிலதான் கோளாறு.”

திரையை ஓட்டுகிற மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டாள். வழக்கம்போலத் திறந்தாள். கறுப்பு. இன்னும் பழையதைப் போட்டாள். கறுப்பு. மூன்றரைக்குக் கையில் ஒரே வழிதான் மிச்சம். கோப்புகளை நகல் எடுத்துக்கொண்டு, மற்றதை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. இரண்டு மணி நேர வேலை. நாளைக் காலைக்குள் தாராளமாக முடியும். நகல் எடுத்து முடித்தாள். அழிக்கட்டுமா என்று மிஷின் கேட்டது.

அங்கே நிறுத்தினாள்.

அது அவளுடைய சட்டம். அழிப்பதற்கு முன்னால் மிஷின் யாருடையதோ அவர் வாயால் ‘சரி’ என்று கேட்க வேண்டும். மனைவி சொன்னால் போதாது, மகன் சொன்னால் போதாது. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஒரு பையன், அப்பாவோட மிஷின், எல்லாத்தையும் அழிச்சிடுங்க என்றான். அழித்தாள். மறுநாள் அப்பா வந்தார். அவர் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன போயிற்று என்றுகூடச் சொல்லவில்லை. அந்த டம்ளரை இன்றைக்கும் அவள் ஸ்க்ரூ போட வைத்திருக்கிறாள். அதில் யாருக்கும் தண்ணீர் கொடுப்பதில்லை.

நாலு மணிக்கு பேக்கரிப் பெண் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் விழுந்துவிட்டது.

“அழிக்கணுமா? அழிச்சா வந்துருமா?”

“வந்துரும். ஆனா உங்க தம்பி சொல்லணும். போன் போடுங்க.”

அந்தப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள்.

“டேய், கடையிலேர்ந்து பேசறேன். அக்கா ஏதோ கேக்கணுமாம்.”

“தம்பி, எல்லாப் பரிசோதனையும் பண்ணிட்டேன். திரை வரவே மாட்டேங்குது. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும். சரியா?”

“எது வரமாட்டேங்குது?”

“திரைப்பா. ஸ்க்ரீன். கறுப்பா நிக்குது.”

“அது வராதுக்கா” என்றான் அவன். “நான்தான் மூடி வெச்சிருக்கேன்.”

டார்ச் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் போனைப் பார்த்தாள்.

“மூடி வெச்சிருக்கியா?”

“படிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்ல ஒரு வசதி இருக்குக்கா. திரையைக் கறுப்பாக்கிரும். எனக்குக் கண்ணு தெரியாது. பஸ்ல உக்காந்து அடிக்கும்போது பக்கத்துல இருக்கறவங்க எட்டிப் பாத்துப் படிக்கிறாங்களாம். ஒருநாள் ஒரு ஆளு எழுத்துப்பிழை வேற சொன்னாரு. அன்னிக்கு மூடினது. ஏன், எங்க அக்கா சொல்லலையா?”

“எதை?” என்றாள் டார்ச்.

“எனக்குக் கண்ணு தெரியாதுன்னு.”

“அதை ஏண்டா சொல்லணும்?” என்று பேக்கரிப் பெண் போனைப் பார்த்துக் கத்தினாள். “ரிப்பேர் லேப்டாப்புக்கா உனக்கா?”

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

டார்ச்சுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப நீங்க வந்து, ஒண்ணும் வரலன்னு சொன்னது?”

“குரலுக்கா! அது பேசும்ல, அந்தக் குரல் வரல. அதைத்தானே சொன்னேன்.”

மூன்றரை மணி நேரம். அவள் கண் அழிக்கட்டுமா என்ற கேள்வி மேல் போய் நின்றது.

“தம்பி, இதை அழிச்சிருந்தா என்ன போயிருக்கும்?”

“சுருக்கெழுத்து. அது ஃபைல்ல இருக்காது, புரோகிராமுக்குள்ள இருக்கு. மூணு எழுத்து அடிச்சா முழு வியாதிப் பேரும் வந்து நிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா சேத்து வெச்சிருக்கேன். ஆறாயிரத்துச் சொச்சம். அது இல்லன்னா நாளைக்குப் போயும் பிரயோஜனம் இல்லக்கா. டாக்டருங்க பேசற வேகம் அப்படி.”

“அதை நகல் எடுத்து வெக்கலையா நீ?”

“இன்னிக்கு ராத்திரி எடுத்துருவேன்” என்றான். குரலில் அசடு வழிந்தது.

டார்ச் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள். மெதுவாக அழுத்தினாள். முன்பின் தெரியாத ஆளிடம் தண்ணீர் கேட்ட அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டாள். அவர் பெயர்கூட இவளுக்குத் தெரியாது. தெரிந்தால், இன்றைக்கு அழிக்கவில்லை என்று போய்ச் சொல்லிவிட்டு வரலாம்.

“சரி, குரல் எப்ப நின்னுச்சு?”

“நேத்து இயர்போன் மாட்டியிருந்தேன். எழுந்திரிச்சப்ப வயர் நாற்காலில மாட்டி அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் பேசவே இல்ல.”

அவள் டார்ச்சை எடுத்தாள். லேப்டாப்பின் ஓரத்தில் இருந்த இயர்போன் ஓட்டைக்குள் அடித்தாள். ஆழத்தில் தங்க நிறத்தில் ஒரு பொட்டு மின்னியது. இயர்போன் முனை உடைந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தது. இன்னும் இயர்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு, இல்லாத காதுக்குள் நேற்றிலிருந்து பேசிக்கொண்டே இருந்திருக்கிறது மிஷின்.

“அண்ணா, உங்க பேனாவைக் குடுங்க.”

“இப்பத்தான் புதுசு போட்டேன்.”

“குடுங்கண்ணா.”

ரீஃபிளை உருவி, மை இல்லாத பின்முனையை வெட்டி, நெருப்பில் லேசாகக் காட்டி, ஓட்டைக்குள் மெல்ல நுழைத்தாள். இறுகப் பிடிக்கும்வரை அழுத்தினாள். மூச்சை நிறுத்திக்கொண்டு நேராக இழுத்தாள். முதல் தடவை வெறும் ரீஃபிள் வந்தது. இரண்டாம் தடவையும். மூன்றாவது தடவை அரிசி நீளத்துக்கு ஒரு முனை ஒட்டிக்கொண்டு வந்தது.

மிஷினை வழக்கம்போலத் திறந்தாள். முத்திரை. கறுப்பு. பிறகு தகரத்தின் மேல் கடுகைக் கொட்டிய மாதிரி ஒரு சத்தம்.

“ஐயோ, உடைஞ்சிருச்சா?” என்றார் சாவிக்காரர்.

“பேட்டரி நாப்பத்தோரு சதவீதம்” என்றது போனில் தம்பியின் குரல். “நாலு மணி முப்பத்தாறு. கடைசியாத் திறந்த ஃபைலு அப்படியே இருக்கு. அக்கா, எல்லாம் இருக்கு.” அந்தச் சத்தம்தான் மிஷினின் குரல், அவன் காதின் வேகத்துக்கு வைத்திருந்த பேச்சு. அங்கே இருந்த மூன்று பேருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

பேக்கரிப் பெண் ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள். இமையில் மாவு ஒட்டிக்கொண்டது.

“ரொம்ப நன்றிக்கா” என்றான் தம்பி.

“இரு, இரு. நன்றியை இப்பவே சொல்லாத. மேல்வரிசையில நாலு விசை மேல கோந்து மாதிரி இருந்துச்சு...”

“ஆமா, நான்தான் வெச்சேன். தடவிப் பாத்துக் கண்டுபிடிக்க.”

“சுரண்டிட்டேன்.”

“நாலையுமா?”

“நாலையும். சுத்தமா.”

போனில் அவன் சிரிக்கத் தொடங்கினான். “நாலு வருஷமா யாருமே எனக்கு இவ்வளவு சுத்தமா ஒரு வேலை செஞ்சு குடுத்ததில்லக்கா.”

எந்தெந்த விசை என்று சொன்னான். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். சாவிக்காரர் தன் டப்பாவைத் திறந்தார். ஒரே மாதிரி இருக்கும் சாவிகளுக்கு அடையாளம் வைக்கிற சிவப்புப் பெயின்ட். குச்சியால் தொட்டு அவரே வைத்தார். “சின்னதா வைங்க, வழியப்போகுது” என்றாள் டார்ச். “முப்பது வருஷமா வெக்கிறேன், எனக்குச் சொல்லித் தர்றியா?” என்றார். நாலு சொட்டு. காய்வதற்கு ஒரு மணி நேரம். அதுவரை பேக்கரிப் பெண் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டாக ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கடை திறந்தது. டார்ச் கதவைத் தூக்கினாள். சாவிக்காரருக்குப் புதுப் பேனா ஒன்று வாங்கி வந்திருந்தாள். காலையில் இரண்டு சார்ஜர் வந்தன, தண்ணீர் கொட்டிய ஒரு விசைப்பலகை வந்தது. பன்னிரண்டு மணிக்கு பேக்கரிப் பெண் எதிர்ச்சாரியிலிருந்து ஒரு பை நிறைய பன் கொண்டுவந்தாள். பரீட்சை முடிந்ததாம். கொடுத்த நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் முன்னாலேயே முடித்தானாம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஒரு சொட்டுப் பெயின்ட் உதிர்ந்துவிட்டது, அந்த இடத்தில் பஸ் டிக்கெட்டைக் கிழித்து ஒட்டிக்கொண்டானாம். ராத்திரியே நகலும் எடுத்துவிட்டான்.

பன் சூடாக இருந்தது. சாவிக்காரர் இரண்டு சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “ஆன் ஆகுதும்மா. ஒண்ணும் வரல.”

“என்ன வரல?” என்றாள்.

“அதாம்மா, ஒண்ணும்.”

“உக்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “எது வரலன்னு சொல்லுங்க. யாரு மிஷின் இது?”

சார்ஜ் ஏறவில்லை என்று அவர் சொன்னார். பேட்டரி. ஆறு மணிக்குக் கடையை மூடினார்கள்.