பதினோராவது சாவி

யாரும் நம்ப வேண்டாம். மூளை குழம்பிவிட்டது என்றே நினைக்கட்டும். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டேன்...

வீப்கே இன்றைக்கும் மனதுக்குள் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

ஹாம்பர்க் நகரின் ஓரம், டிசம்பர் மாதம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தரைக்கு அடியில் ஆராய்ச்சிச் சுரங்கம். அதில் இரண்டு ஒளிக்கற்றைகளை எதிரெதிரே பாய்ச்சுவார்கள். ஒளி ஒளியைத் தொடாது. ஒன்றை ஒன்று ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது மோதும். அப்போது, எடையே இல்லாத அந்த இரண்டிலிருந்து எடையுள்ள ஒரு துகள் பிறக்கும். அப்படிப் பிறக்கும் துகள்களிலேயே மிகக் கனமான ஒன்றை வீப்கே மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அன்றிரவோடு இயந்திரத்தை மூடுகிறார்கள். அதுதான் கடைசி வாய்ப்பு.

சுரங்கத்துக்குள் போகிறவர் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பத்துக் கொக்கி, பத்துச் சாவி. ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் ஒளி பாயாது. உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்; ஒளி பாய்ந்தால் அவர் பிழைக்க மாட்டார்.

ஒளி பாய்ச்சுமுன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கடைசியாகத் தேடிப் பார்ப்பது அன்று வீப்கேயின் முறை. மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். யாருமில்லை. கதவை நெருங்கினாள்.

டக்... டக்...

பின்னால் ஓர் ஆண்குரல்.

"இரு... வந்துட்டேன்..."

சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து, கேட்டதைச் சொன்னாள். மேலே கட்டுப்பாட்டு அறையில் டெட்லெஃப், அன்றைய பொறுப்பாளர். அவன் சிரித்தான். "உன் சாவி ஒண்ணுதான் வெளிய இருக்கு. மத்தது ஒம்பதும் இங்க தொங்குது. காலையிலேர்ந்து வெறும் காப்பியிலயே ஓட்டுற, குரல் கேக்காம என்ன செய்யும்?"

திரும்பி நடந்தாள். இரண்டு ஒளியும் சந்திக்கும் இடம். எலும்புவரை குளிர்ந்தது.

தரையில் ஒரு சாவி.

சற்றுமுன் அது அங்கே இல்லை.

எடுத்தாள். கனத்தது. யாரோ அதுவரை கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல... வெதுவெதுப்பாக இருந்தது.

எண் பதினொன்று.

மேலே வந்து மேசைமேல் வைத்தாள். டெட்லெஃப் சிரிக்கவில்லை.

"முன்னாடி இங்க வேல பாத்த ஹென்னிங்கோடது," என்றான். "அப்ப கொக்கி பதினொண்ணு. சாவியப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான், எத்தனையோ தடவ. அன்னைக்கும் அப்படித்தான்னு நெனச்சு... அவன் கொக்கியில உபரிச் சாவிய மாட்டி, ஒளியப் பாய விட்டுட்டேன்."

மறுநாள் கதவைத் திறந்தபோது ஹென்னிங் அங்கே, ஒளிகள் சந்திக்கும் இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். உடல் சில்லிட்டிருந்தது. சாவி மட்டும் கிடைக்கவே இல்லை. பிறகு கொக்கியையும் பிடுங்கிவிட்டார்கள்.

டெட்லெஃப் பலகைப் பக்கம் திரும்பினான்.

"உள்ள யாருமில்ல, நீதான் பாத்தியே," என்றான் டெட்லெஃப். "உன் சாவிய மாட்டு, வீப்கே. இன்னைக்கு விட்டா மூணு வருஷமும் வீண்."

பலகையில் ஒரே ஒரு காலிக் கொக்கி.

வீப்கே தன் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

"வந்துட்டேன்னு சொன்னாரு," என்றாள் மெதுவாக. "வரட்டும்."